யீ மக்களின் பாட்டும் பிப்பாவின் தந்தியும்



சீன தேசத்தின் தென்மேற்கே யுன்னான், சிச்சுவான், குய்சோ மாகாணங்களின் மலைப்பிரதேசங்களில் பரவி வாழும் யீ இனத்தார், தமக்கென ஓர் எழுத்தும், அவ்வெழுத்தில் அமைந்த ஏடுகளைப் பாராயணம் செய்யும் 'பிமோ' என்ற புரோகிதர் மரபும், ஆடலும் பாடலும் விலகாத வாழ்க்கையும் உடையவர்கள். ஆயினும் அந்த மலைகளுக்கு அப்பாலுள்ள எத்தனையோ ரசிகர்கள் அவர்களுடைய சங்கீதத்தை முதன்முதலில் கேட்டது, அவர்கள் கண்டத்திலிருந்து அன்று. 1960-ஆம் ஆண்டில் வாங் ஹுய்ரான் என்னும் இசைவாணர் பிப்பா என்னும் தந்தி வாத்தியத்துக்காக இயற்றிய 'யீ நடனம்' என்ற உருப்படியின் வாயிலாகவேயாம்.

தென் யுன்னானில் ஷிப்பிங் என்ற ஊரைச் சூழ்ந்த கிராமங்களில் யீ மக்கள் புகையிலை வைக்கும் வட்டமான சிறு மரப்பெட்டிகளையே தாளக் கருவியாக்கி, மூடியை ஒரு கையிலும் அடிப்பாகத்தை மறு கையிலும் ஏந்தி, விரலால் சுண்டிச் சுண்டி ஒலி எழுப்பிக்கொண்டே, நாற்றந்தி வாத்தியம் ஒன்றின் இசைக்கு இசைய ஆடுகிறார்கள். அதே வட்டாரத்தில் 'ஹாய்ட்சாய்' என வழங்கும் நெடும்பாட்டு ஒன்று உண்டு. மார்பிலிருந்து எழும் குரல் கணத்தில் மெல்லிய பொய்க்குரலாக உயர்ந்து, மீண்டும் இறங்கித் தன் நிலையை அடையும் அதன் போக்கு, கேட்பவரை மெய்சிலிர்க்கச் செய்வது. இவ்விரண்டின் மெட்டுகளையும் ஆதாரமாகக் கொண்டே வாங் ஹுய்ரான் தம் உருப்படியை அமைத்தார்.

பிப்பாவோ ஆதியில் சீனத்துக்குரியதன்று. பட்டுப்பாதை வழியே மேற்கிலிருந்து வந்து, நூற்றாண்டுகளில் அந்நாட்டின் சொந்த வாத்தியமாகிவிட்டது. வலக்கை விரல்கள் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் தந்தியை இடைவிடாது மீட்ட, நாதம் அறுபடாத இழையாக நீள்கிறது. பாடகரின் மூச்சை அவ்விழை ஓரளவு ஏந்திவருகிறது; ஆனால் பொய்க்குரலின் அந்தத் தாவலை எந்தத் தந்தியாலும் தர இயலாது என்பதே என் துணிபு. ஆகவே பிப்பாவில் இவ்வுருப்படியை ரசித்தவர், யீ மக்களின் கண்டத்திலும் கேட்டாலன்றி அவர் ரசனை நிறைவுறாது. மெட்டைத் தந்தவர்களின் பெயரையே உருப்படிக்குச் சூட்டிய நேர்மையை நான் பெரிதும் போற்றுகிறேன்.

யீ மக்களின் கலைக்கும் வெளியிலிருந்து வந்த கலைஞருக்கும் இடையே இத்தகைய நட்பு சித்திரத்திலும் விளைந்ததுண்டு. யீ இனத்தின் கிளையாகிய சானி மக்கள் வழிவழியாகப் பாடிவந்த 'ஆஷிமா' என்னும் கதைப்பாடல் 1954-இல் சீனமொழியில் நூலாக வெளிவந்தது. ஹுனான் மாகாணத்துத் துஜியா இனத்தவரான ஹுவாங் யோங்யு, சானி கிராமத்தில் தங்கி, அம்மக்களின் முகத்தையும் உடையையும் கண்ணாரக் கண்டு, அக்கதையை மரச்செதுக்குச் சித்திரங்களாக வடித்தார். 1964-இல் அதே கதை திரைப்படமானபோது, கதாநாயகியாக நடித்த யாங் லிகுன் யீ குலத்துப் பெண்ணே. எனினும் கலாசாரப் புரட்சியின் கொடுமையால் அவர் பெருந்துன்பத்துக்கு ஆளாக, படமும் 1979 வரையில் மக்கள் முன் வரவில்லை.

இவ்வுரையைத் தொடர்ந்து 'யீ நடனம்' ஒலிபரப்பாகும். தொடக்கத்தின் நிதானமான பகுதியில் நெடும்பாட்டின் மூச்சையும், பின்னர் துரிதமாகும் பகுதியில் மரப்பெட்டியைச் சுண்டும் விரல்களையும் நேயர்கள் செவிகொடுத்துக் கேட்பார்களாக.