தாதியின் கேள்வியும் தாயின் உயிரும்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பர் நம் முன்னோர். அது வெறும் வாய்ச்சொல்லன்று. நம் நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும் ஏறத்தாழ 280 தாய்மார்கள் மாண்டனர். 2019ஆம் ஆண்டில் அத்தொகை 21 அளவுக்குக் குறைந்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும், சுகாதார நிலையங்களும், இரத்த வங்கியும், சாலைகளும் இதற்குத் துணை நின்றன. இவற்றோடு மற்றொன்றும் உண்டு. மருத்துவர்களும் தாதியரும் தங்கள் பணியைத் தாங்களே சோதித்துப் பார்க்கும் பழக்கமே அது.

மகப்பேற்றின் காரணமாக ஒரு தாய் இறந்தால், அந்த மரணத்தை ஆராயும் முறையை 1991ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு தொடங்கியது. இங்கிலாந்தில் 1952 முதல் நடந்துவந்த முறையைப் போன்றது இது. இறந்தவரின் பெயரும் மருத்துவரின் பெயரும் வெளியிடப்படுவதில்லை. குற்றவாளியைத் தேடுவது நோக்கமன்று. தாமதம் எங்கே நேர்ந்தது? வீட்டிலா, வழியிலா, மருத்துவமனையிலா? இதுவே கேள்வி. ஒரு தாயின் மரணம் கற்பித்த பாடம் மற்றொரு தாயைக் காக்க வேண்டும் என்பதே கருத்து.

மருத்துவர்களின் அமைப்புகளும் இத்தகைய பணியில் பங்கு கொள்கின்றன. 1963இல் தோன்றிய மலேசிய மகப்பேறு, பெண்நோய் மருத்துவர் சங்கம் அவற்றுள் ஒன்று. மலேசிய மருத்துவக் கழகமும் சுகாதார அமைச்சும் இணைந்து சிகிச்சை வழிகாட்டி நூல்களை வெளியிடுகின்றன. மூத்தவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒரு முறையை ஏற்காமல், ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டதா என்று பார்த்து ஏற்பதே அந்நூல்களின் நெறி.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். கருவுற்ற சிலருக்கு இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு உண்டாகும். மெக்னீசியம் சல்பேட் என்னும் மலிவான மருந்து அதனைத் தடுக்குமா என்று 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் ஆராய்ந்தனர். வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கு மேல் குறைந்தது என 2002இல் முடிவு வெளியாயிற்று. மாறாக, முதற்பிள்ளை பெறுவோர் அனைவருக்கும் பிறப்புவாயிலைக் கத்தரித்து விடுவது நன்மை தரும் என்று முன்பு எண்ணினர். ஆய்வு அதனை மெய்ப்பிக்கவில்லை. ஆகவே, தேவைப்படுவோருக்கு மட்டுமே அதனைச் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தாய் சேய் நல நிலையத்தில் உங்கள் ஏட்டின்மேல் ஒரு வண்ணச் சீட்டு ஒட்டப்படுகிறதல்லவா? வெள்ளையாயின் தாதியின் கவனிப்பே போதும். பச்சையாயின் மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சளாயின் மருத்துவமனை நிபுணரிடம் செல்ல வேண்டும். சிவப்பாயின் உடனே மருத்துவமனை சேர வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வாழும் பெண்ணுக்கும் கிள்ளான் வட்டாரத்துத் தோட்ட லயத்தில் வாழும் பெண்ணுக்கும் அளவுகோல் ஒன்றே.

ஆனால் தாய் உண்மையைச் சொன்னால்தான் வண்ணம் சரியாக அமையும். கடும் தலைவலி, பார்வை மங்கல், முக வீக்கம், இரத்தப் போக்கு ஆகியவற்றை மறைக்காதீர்கள். ஒரு நாள் பேர் போய்விடுமே என்று எண்ணிச் சோதனை நாளைத் தவறவிடாதீர்கள். முந்திய பேற்றில் இரத்தம் மிகுதியாகப் போயிருந்தால், தாதி கேட்கும் முன்பே கூறுங்கள்.

கணவன்மாரே, மாமியார்மாரே! உங்களுக்கும் பொறுப்பு உண்டு. பிள்ளை பிறந்தபின் பெருகும் இரத்தம் சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகும். நள்ளிரவில் வலி கண்டால் யாருடைய வண்டி, எந்த மருத்துவமனை, வீட்டுக் குழந்தைகளை யார் பார்ப்பது என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

மருத்துவ உலகம் தன் தாமதத்தைத் தானே ஆராய்ந்து திருத்திக் கொள்கிறது. வீட்டில் நேரும் தாமதத்தைத் திருத்துவது நம் கடமை. அதனை இன்றே தொடங்குவோம்.