பறிபோன தண்டவாளம் திரும்ப வேண்டும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



மலாக்காவுக்கு இரயில் வேண்டும் என்றால், "இந்தச் சின்ன ஊருக்கு இரயில் எதற்கு?" என்று சிலர் நகைக்கிறார்கள். நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. இருந்ததைத்தான் கேட்கிறோம்.

1896-இல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென இரப்பர் பயிரிட்ட முதல்வர் அவரே. பால்மரம் வந்தது; அதன் பின்னே நம் முன்னோர் வந்தனர். 1905-இல் தம்பினிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு இரயிலும் வந்தது.

ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம்-பர்மா பாதைக்குக் கொண்டு போனார்கள். இரும்பு மட்டுமா போயிற்று? 1942-43-இல் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரணப் பாதையைப் போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் கொண்டு போகப்பட்டார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டவர் ஏராளம். யுத்தம் முடிந்தும் மலாக்காவின் தண்டவாளம் திரும்பவில்லை.

இன்று பூலாவ் செபாங் நிலையத்தில் மின்சார இரயில் நிற்கிறது. பட்டணமோ அங்கிருந்து இருபது மைலுக்கு மேல்! கோலாலம்பூர்-சிங்கப்பூர் அதிவேக இரயில் ஆயர் குரோவில் நிற்கும் என்றார்கள்; அந்த ஒப்பந்தம் 2020 டிசம்பர் 31-இல் முடிந்து போயிற்று. 2010-இல் ஆற்றங்கரையில் மோனோரயில் விட்டார்கள். அது சுற்றுலாக்காரருக்கு, வேலைக்குப் போகிறவருக்கல்ல.

நம் நிலை என்ன? பால்மரக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறின. பிள்ளைகள் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு தவணைக்கும் பெட்ரோலுக்கும் போகிறது. இரவு வேலை முடிந்து மழையில் வரும் மகளுக்காகத் தாய் வாசலில் காத்திருக்கிறாள். வேலை தேடிச் சிங்கப்பூருக்குப் போனவர்கள் ஊருக்குத் திரும்ப வழி பார்க்கிறார்கள்.

செத்த பாதை உயிர் பெறுமா என்று கேட்கலாம். 1996-இல் கோலாலம்பூரில் ஓடத் தொடங்கிய முதல் இலகு இரயில், பழைய அம்பாங் கிளைப் பாதையின் தடத்தில்தான் ஓடுகிறது. அங்கே முடிந்தது, இங்கே ஏன் முடியாது?

ஆகவே இலகு இரயிலை ஆதரிக்கிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. நம் கோரிக்கை மூன்று.

ஒன்று: பாதை பூலாவ் செபாங்கில் தொடங்கி, அலோர் காஜா, டுரியான் துங்கால், பத்து பெரெண்டாம் வழியாகப் பட்டணம் சேர வேண்டும். தொழிலாளர் வாழும் இடத்தைத் தொடாத இரயில் நமக்கு இரயிலல்ல.

இரண்டு: வண்டி நேரம் தொழிற்சாலை வேலை நேரத்துக்கும், கட்டணம் தொழிலாளியின் பைக்கும் ஒத்துவர வேண்டும்.

மூன்று: பாதைக்காக லயங்களை உடைக்க நேர்ந்தால், முதலில் வீடு, பிறகே இடிப்பு.

தோழர்களே! வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். அன்று தண்டவாளம் பறிபோனபோது நம்மை யாரும் கேட்கவில்லை. அது திரும்ப வரும்போதாவது நம்மைக் கேட்டுப் போடட்டும்!