மாட்டுக்கிட்டயே கேட்டுடலாமே!

"விலங்குகள்னா எனக்கு உயிர், அதுங்களுக்காக ஏதாவது பண்ணணும்"னு சொல்ற காலேஜ் பசங்களுக்காக இன்னைக்கு ஒரு இடத்தைப் பத்திப் பேசலாம்.

கனடாவில் வான்கூவருக்குக் கிழக்கே அகஸி என்றொரு சின்ன ஊர். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால்பண்ணை ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் அங்கே தங்கி, விலங்கு நல ஆராய்ச்சியில் இன்டர்ன்ஷிப் செய்கிறார்கள்.

நாள் முழுக்க கன்னுக்குட்டியைக் கொஞ்சிக்கிட்டு இருக்கலாம்னு நினைக்காதீங்க. பால் ஊத்தணும், கொட்டகையைச் சுத்தம் பண்ணணும். அப்புறம் மணிக்கணக்கில் வீடியோ பார்க்கணும். மாடு எப்போது படுத்தது, எப்போது எழுந்தது, எவ்வளவு நேரம் தின்றது என்று குறிக்க வேண்டும். ஒரே வீடியோவை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, குறிப்புகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதும் உண்டு.

எதுக்கு இவ்வளவு பாடு? மாடு வலியைச் சத்தம் போட்டுச் சொல்லாது. காட்டில் பலவீனத்தைக் காட்டினால் புலிக்கு இரையாகிவிடும் இனம் அது. அதனால கால் வலியை நடையில்தான் கண்டுபிடிக்கணும். முதுகு வளைகிறதா? நடக்கும்போது தலை ஏறி இறங்குகிறதா? முன்னங்கால் வைத்த இடத்தில் பின்னங்கால் விழுகிறதா? இதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். தினமும் பார்க்கிற பண்ணைக்காரர் கண்ணுக்கே லேசான நொண்டல் தப்பிவிடும்.

சரி, மாட்டுக்கு என்ன வேணும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அந்த ஆராய்ச்சிக் குழு ஒரு கதவை வைத்தது. தள்ளினால் புல்வெளிக்குப் போகலாம். கதவின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பால் கறந்து வந்ததும் புதுத் தீவனத்துக்காக எவ்வளவு பலமாகத் தள்ளினவோ, அதே பலத்தோடு புல்வெளிக்காகவும் மாடுகள் தள்ளின. 2017-இல் வெளியான முடிவு இது. ஆனா வட அமெரிக்காவில் நிறைய கறவை மாடுகள் இன்னும் கொட்டகைக்குள்ளேயேதான் இருக்கு. பதில் தெரிஞ்சும் கதவு திறக்கலைங்கறது, அங்கே வேலை பார்க்கிறவங்க சுமக்க வேண்டிய விஷயம்.

மாற்றமே வராதான்னா, வருது, மெதுவா. தனியாக அடைத்து வளர்த்த கன்றுகள், பழகிய விதியை மாற்றினால் திணறுகின்றன. துணையோடு வளர்ந்தவை சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன. 2014-இல் இதே குழு வெளியிட்டது இது. கனடாவின் 2023 கறவை மாடு பராமரிப்பு நெறிமுறையைப் பாருங்க: 2031 ஏப்ரல் முதல், ஆரோக்கியமான கன்றுகளை 4 வார வயதுக்குள் ஜோடியாகவோ கூட்டமாகவோ விட வேண்டும். இப்படிப்பட்ட விதிக்குப் பின்னாடி, யாரோ ஒரு ஸ்டூடண்ட் தூக்கம் கெட்டுக் குறிச்ச வீடியோ நேரமும் இருக்கு.

அதனால இந்த மாதிரி இடத்துக்கு அப்ளை பண்ணும்போது "எனக்கு மாடு பிடிக்கும்"னு மட்டும் எழுதாதீங்க. மாட்டுக்கிட்ட நீங்க கேட்க நினைக்கிற ஒரு கேள்வியையும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.