இடது காலுக்கு ஓய்வு கொடுத்த மஸ்டாங்

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் உங்களில் மூன்று பேர், "முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை, கார் ஓட்டுவதையே விட்டுவிட்டேன்" என்றீர்கள். அதனால்தான் இந்தக் கதை. நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் 34 வருடம் கணக்கு எழுதியவன். பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

2023-ல் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து டியர்பார்னில், மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். ஃபோர்டு கம்பெனியின் தலைமையகம் உள்ள ஊர் அது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு என்னைவிட எட்டு வயது அதிகம். அவரிடம் 1968-ஆம் வருடத்து ஃபோர்டு மஸ்டாங் ஒன்று இருந்தது. எட்டு சிலிண்டர், 302 கன அங்குல எஞ்சின்; ஏறக்குறைய ஐந்து லிட்டர். கையால் போடும் நான்கு கியர். இப்படிப் பெரிய எஞ்சின் வைத்த வண்டிகளை அங்கே மசில் கார் என்பார்கள். கல்யாணமான புதிதில் பழைய வண்டியாக வாங்கியதாம்.

அவருடைய இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. அந்தக் காலத்துக் கிளட்ச் கல் மாதிரி இருக்கும். இரண்டு வருடமாக வண்டி உறையைப் போட்டபடி நின்றது. மகன் விற்றுவிடச் சொன்னார். பெரியவருக்கும் அவர் மனைவிக்கும் மனம் வரவில்லை. ஆட்டோமேட்டிக்காக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்.

நான் கணக்குக்காரன் ஆயிற்றே, விலையைக் கேட்டேன். சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் கையால் கியர் போடும் வண்டியைத்தான் விரும்புவார்கள். கதவில் உள்ள தகட்டிலேயே கியர் வகைக்கு ஒரு குறி உண்டு: நான்கு கியருக்கு '5', சி4 என்ற ஆட்டோமேட்டிக்குக்கு 'டபிள்யூ'. மாற்றினால் தகடும் வண்டியும் ஒத்துப்போகாது, மதிப்பு குறையும். அவர் சொன்னார்: "ஓட்டாத வண்டிக்கு மதிப்பு இருந்து யாருக்கு லாபம்?" என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இரண்டு நிபந்தனை வைத்துக்கொண்டார். ஒன்று, வண்டியில் எதையும் வெட்டக் கூடாது. இரண்டு, கழற்றிய எதையும் தூக்கிப் போடக் கூடாது. பின்னால் வேறு யாராவது பழையபடி மாற்ற நினைத்தால் முடிய வேண்டும். அதனால்தான் சி4 பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். மூன்று கியர்தான். ஆனால் அந்த மாடலுக்கு ஃபோர்டே கொடுத்த பெட்டி என்பதால் அந்த உடம்பிலேயே பொருந்தும்.

பெட்டியை மட்டும் மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. கனமான ஃப்ளைவீலை எடுத்துவிட்டு மெல்லிய ஃப்ளெக்ஸ்பிளேட் போட வேண்டும். அதன் எடைச் சமநிலை எஞ்சினோடு ஒத்திருக்க வேண்டும். பழைய 302-க்கு ஒரு அளவு, 1980-களில் வந்த 302-க்கு வேறு அளவு. மாறிப் போட்டால் எஞ்சின் உதறும். ஆட்டோமேட்டிக் எண்ணெய் சூடாகும் என்பதால் அதைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் குழாய் இழுக்க வேண்டும். பார்க், நியூட்ரல் தவிர வேறு நிலையில் எஞ்சின் கிளம்பாதபடி தடுக்கும் சுவிட்சும் கட்டாயம். அது இல்லாவிட்டால் சாவியைத் திருப்பியதும் வண்டி பாய்ந்துவிடும்.

என் பங்கு டார்ச் பிடிப்பது. கிளட்ச் செய்த வேலையை ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் நிறைந்த டார்க் கன்வெர்ட்டர் செய்கிறது. அதைப் பெட்டிக்குள் சுழற்றி அழுத்தும்போது மூன்று முறை 'டக்' என்று உள்ளே இறங்கும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். உதவிக்கு வந்த இளைஞர் அவசரமாகப் பெட்டியைத் தூக்கி எஞ்சினோடு சேர்த்தார். விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்றார். "சார், நான் இரண்டுதான் எண்ணினேன்" என்றேன். பெரியவர் உடனே நிறுத்தச் சொன்னார். இழுத்திருந்தால் உள்ளே உள்ள பம்ப் உடைந்திருக்கும். மறுபடி இறக்கி, சுழற்றி அழுத்தினோம். மூன்றாவது 'டக்' கேட்டது. பிறகு பெட்டி கையாலேயே எஞ்சினோடு ஒட்டி உட்கார்ந்தது. 34 வருடம் நோட்டு எண்ணிய பழக்கம் அன்று உதவியது!

கழற்றிய கியர் பெட்டி, ஃப்ளைவீல், கிளட்ச் பெடல், போல்ட்டுகள் வரை எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி பட்டியல் எழுதினேன். ஒன்று பெட்டி மூடியில், ஒன்று வண்டியின் கோப்பில். அடுத்த உரிமையாளருக்கு உண்மையைச் சொல்லும் ரசீது அது.

முதல் நாள் ஓட்டத்தில் அவர் மனைவி முன்னால், நான் பின்னால். ஐம்பது வருடப் பழக்கம் விடுமா? நிறுத்தும்போது இடது கால் கிளட்சைத் தேடி, அகலமான பிரேக் பெடலை ஓங்கி மிதித்துவிட்டது. மூன்று பேர் தலையும் முன்னால் போய் வந்தது! அதற்குப் பிறகு இடது காலைப் பின்னுக்கு மடக்கி வைத்துக்கொண்டார். நீங்கள் ஆட்டோமேட்டிக்குக்கு மாறினால் முதல் வாரம் இதை மறக்காதீர்கள்.

உடனே உங்கள் காரைப் பிரிக்கச் சொல்லவில்லை. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆட்டோமேட்டிக் வண்டியாகவே வாங்குவதுதான் எளிது. நான் சொல்வது இவ்வளவுதான்: கால் முடியவில்லை என்றதும் சாவியை ஆணியில் மாட்டிவிடாதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள். எதை மாற்றலாம் என்று பாருங்கள். மாற்றினதை மறைக்காமல் எழுதி வையுங்கள்.