நான்கு சேனல் ஆம்பிளிஃபயரில் சப்வூஃபர்: ஓர் இணைப்புக் கலையின் மதிப்பீடு

பல சேனல் ஆம்பிளிஃபயரோடு சப்வூஃபரை இணைக்கும் வேலை காரில் கம்பி இழுத்து முடுக்கிவிடும் எளிய வேலையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும் கணக்கும் செவியும் ஒருசேரத் தேவைப்படும் கைத்தொழில் அது என்பதும், கணக்குத் தவறினால் எத்துணை விலையுயர்ந்த கருவியும் வீணாகும் என்பதும் கூர்ந்து நோக்குவோருக்கு விளங்கும். நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 100 முறை வரை அதிரும் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே அமைந்த பெரிய ஒலிபெருக்கி சப்வூஃபர் எனப்படுகிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது; கதவில் பொருத்தப்பட்ட ஆறரை அங்குல ஒலிபெருக்கி அந்த நாதத்தை உரிய கனத்தோடு எழுப்ப முயன்று திணறும்போது, அதே ஒலிபெருக்கி வழியே வரும் பாடகரின் குரலும் கலங்கிப் போகிறது. அச்சுமையைக் கதவிலிருந்து விலக்கிக் குரலைத் தெளியவைப்பதே சப்வூஃபரின் முதன்மையான பயன். இருக்கை அதிர்வது அதற்குப் பின்னரே எண்ணத்தக்கது.

நான்கு சேனல்களில் முன்னிரண்டைக் கதவு ஒலிபெருக்கிகளுக்கும், பின்னிரண்டை ஒன்றாகச் சேர்த்து டிக்கியிலுள்ள சப்வூஃபருக்கும் வழங்குவது இன்று பரவியுள்ள முறை. இவ்வாறு சேர்ப்பது பிரிட்ஜ் செய்தல் எனப்படும். ஒரு சேனலின் நேர்முனையும் மற்றதன் எதிர்முனையும் மட்டுமே இதில் பயன்படுகின்றன. உள்ளே ஒரு சேனல் மற்றதற்கு நேரெதிராக இயங்குவதால், சப்வூஃபரின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் இருமடங்காகிறது. தாழ்ஒலிக்கென்று தனி ஆம்பிளிஃபயர் வாங்காமல் ஒரே கருவியில் முழு அமைப்பையும் முடித்துவிடும் இந்தச் சிக்கனம் உண்மையிலேயே பாராட்டத்தக்கது. எல்லா ஆம்பிளிஃபயர்களும் இதற்கு இடந்தருவதில்லை என்பதால், எந்த முனைகளைச் சேர்க்கலாம் என்று கருவியின் மீதோ கையேட்டிலோ காட்டப்பட்டிருப்பதைப் பாராமல் ஊகத்தில் இணைப்பது கூடாது.

இக்கலையின் உயிர் ஓம் கணக்கில் இருக்கிறது. மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் தடைக்கும் உள்ள உறவை ஜெர்மானிய அறிஞர் கேயார்க் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். மாறுமின்னோட்டத்துக்கு ஒலிபெருக்கி காட்டும் தடையாகிய மின்னெதிர்ப்பும் அவர் பெயராலேயே அளக்கப்படுகிறது. மின்னெதிர்ப்பு குறையக் குறைய ஆம்பிளிஃபயரிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் கூடுகிறது. பிரிட்ஜ் செய்த நிலையில் ஒவ்வொரு சேனலும் சப்வூஃபரின் மின்னெதிர்ப்பில் பாதியையே தன் சுமையாக உணர்கிறது என்பதுதான் பலரும் கவனிக்கத் தவறும் உண்மை. 4 ஓம் சப்வூஃபரை இணைத்தால் ஒவ்வொரு சேனலும் 2 ஓம் சுமையைச் சந்திக்கிறது. 2 ஓம் இணைப்பைக் கொடுத்தால் அது 1 ஓமாகச் சுருங்குகிறது. பெரும்பாலான நான்கு சேனல் ஆம்பிளிஃபயர்கள் சேனலுக்கு 2 ஓம் வரையே தாங்குவதால், பிரிட்ஜில் 4 ஓம் என்பதே அவற்றின் எல்லை. அதற்குக் கீழே சென்றால் கருவி சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், அல்லது கருகிப்போகும்.

ஒரே சப்வூஃபரில் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும்போது இக்கணக்கு நுட்பமாகிறது. தலா 2 ஓம் உள்ள இரு சுருள்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் வைத்தால் 4 ஓம் கிடைக்கிறது. நான்கு சேனல் ஆம்பிளிஃபயருக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. தலா 4 ஓம் உள்ள சுருள்களோ, தொடரிணைப்பில் 8 ஓமாகிப் பாதுகாப்பாகவும் சற்று வலுக்குறைந்தும் ஒலிக்கும். பக்க இணைப்பில் 2 ஓமாகி ஆம்பிளிஃபயரை வதைக்கும். அத்தகைய சப்வூஃபரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: பிரிட்ஜ் செய்யாமல் ஒரு சேனலுக்கு ஒரு சுருள் என்று பிரித்துக்கொடுத்து, இரு சேனல்களுக்கும் ஒரே சமிக்ஞையை ஒரே அளவில் செலுத்துவது. அப்போது ஒவ்வொரு சேனலும் 4 ஓம் சுமையோடு நிம்மதியாக இயங்கும்.

ஓமைக் குறைத்து வாட்டைக் கூட்டும் ஆசை எவ்வளவு குறைந்த பலனைத் தருகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திறனை 200 வாட்டிலிருந்து 400 வாட்டாக இரட்டித்தாலும் ஒலியின் அளவு 3 டெசிபல் மட்டுமே உயர்கிறது. மேலும் 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். காரின் உட்புறம் அதைவிட மிகச் சிறியதாகையால், மூடிய அறையில் காற்றழுத்தம் சேர்ந்து தாழ்ஒலி தானே வலுப்பெறுகிறது. ஆம்பிளிஃபயர் பெட்டியின் மேல் 2000 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், 40 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள கருவி 14.4 வோல்ட்டில் தொடர்ந்து உள்ளிழுக்கக்கூடிய திறன் 576 வாட்தான். அதிலும் ஒரு பகுதி வெப்பமாகக் கழிகிறது. ஆகவே அச்சிட்ட எண்ணைவிட ஃபியூஸின் எண்ணே நம்பத்தக்கது.

பேட்டரியிலிருந்து வரும் கம்பி முழுச் செம்பாக இருத்தல், பேட்டரியிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் பொருத்துதல், எர்த் கம்பியைப் பெயிண்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில் இறுக்குதல், சமிக்ஞையைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கம்பியை மின்கம்பியிலிருந்து விலக்கி மறுபக்கமாகக் கொண்டுசெல்லுதல் ஆகியவை நல்ல வினைஞரிடம் கேளாமலேயே அமைந்திருக்கும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை அதே தடிமனில் போட்டால் மின்னழுத்தம் கூடுதலாக இழக்கப்படும்.

எஞ்சியது செவியின் வேலை. லோ பாஸ் வடிப்பான் 80 ஹெர்ட்ஸ் அளவில் தாழ்ஒலியை மட்டும் சப்வூஃபருக்கு விட, ஹை பாஸ் வடிப்பான் அதே அளவில் மேலொலியைக் கதவுக்கு விட வேண்டும். கெயின் குமிழ் ஒலியைக் கூட்டுவதற்கான குமிழ் அன்று. பிளேயரின் வெளியீட்டு வோல்ட்டுக்கு ஆம்பிளிஃபயரைப் பொருத்துவதற்கானது. அதனை இறுதிவரை திருகினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, சுருள் வெந்துபோகும். சப்வூஃபரின் முனைகளை மாற்றிக் கேட்டு, எந்த நிலையில் மிருதங்கத்தின் தொப்பி நாதம் முன்புறமிருந்து நிறைவாக எழுகிறதோ அதனையே நிலைநிறுத்துவது சிறந்த வினைஞரின் அடையாளம்.

நேயர்கள், ஆம்பிளிஃபயரில் சப்வூஃபரின் கம்பியைச் செருகுவதற்கு முன் அதன் இரு நுனிகளையும் மல்டிமீட்டரில் அளந்து காட்டும்படி கடைக்காரரைக் கேட்க வேண்டும். 4 ஓம் இணைப்பு அதில் ஏறத்தாழ மூன்றரை ஓம் காட்டும். இரண்டுக்கும் குறைவாகக் காட்டினால், பிரிட்ஜ் இணைப்புக்கு ஒப்புக்கொள்ளாமல் சுருள்களை மாற்றி இணைக்கச் சொல்ல வேண்டும்.