தொரப்பள்ளிக்காரர் கதை எழுதிய காரணம்

ஓசூர் என்றால் தொழிற்சாலைகளும், கர்நாடக எல்லையும், ரோஜாத் தோட்டங்களும்தான் நம் நினைவுக்கு வரும். அந்த ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. அரசியலில் அவ்வளவு மும்முரமாக இருந்த மனிதர் ஏன் சிறுகதை எழுதினார்?

காரணம் கள்ளுக்கடை. 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியபோது, குடி எப்படி ஏழை வீட்டு அடுப்பை அணைக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். மேடைப் பேச்சு மட்டும் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் எழுத்தாளர் கல்கி அவருக்குத் துணையாக இருந்தார். கண்ணால் கண்ட துயரம்தான் அவருடைய கதைகளுக்குக் கரு. ‘திக்கற்ற பார்வதி’யைப் படித்தவர்களுக்கு அது புரியும், குடியால் நொறுங்கிப்போன ஒரு பெண்ணின் வாழ்க்கை அது. 1937-இல் முதல்வரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன!

1954-இல், இரண்டாம் முறை வகித்த முதல்வர் பதவியை விட்டபின், ‘கல்கி’ இதழில் ராமாயணம் எழுதினார். அதற்கு 1958-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. தான் வகித்த பதவிகளைவிட ராமாயணமும் மகாபாரதமும் எழுதியதையே மக்களுக்குச் செய்த பெரிய சேவையாக அவர் கருதினார். எனக்கு அது மிகவும் பிடித்த செய்தி.

‘திக்கற்ற பார்வதி’ 1974-இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் படமானது. படப்பிடிப்பு நடந்த ஊர், தொரப்பள்ளியேதான்.