தமிழ் பேசுவோர் எல்லாரும் மாமா ஆவரோ?



நாகபுரியில் வாழும் நமக்குத் தமிழோசை காதில் விழுந்தாலே உள்ளம் குளிர்ந்துவிடுகிறது. சென்னைக்கும் தில்லிக்கும் இடையே ஓடும் வண்டிகள் நம் நிலையத்தில் நின்று செல்கின்றன. நடைமேடையில் ஒருவர் "நீங்கள் தமிழா?" என்று கேட்டால், ஊரையும் உறவையும் விசாரித்து, வீட்டுக்கும் அழைத்துச் சோறிடுகிறோம். இது நம் பண்பு; இதனைக் குறை கூற நாம் வரவில்லை.

ஆயின், இதைக் கண்டு வளரும் குழந்தைகள் தாமே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கின்றனர். தமிழ் பேசுபவர் மாமா. வேற்றுமொழி பேசுபவர் அந்நியர். "அழுதால் போலீஸ்காரர் பிடித்துப் போவார்" என்று நாமும் சொல்லி வைக்கிறோம். பள்ளி வாயிலில் எவரோ வந்து, "தம்பி, அப்பா அனுப்பினார், வா" என்று தமிழில் அழைத்தால் நம் பிள்ளை தயங்குமா? வழி தவறிய வேளையில், அருகில் நிற்கும் மராட்டிய மூதாட்டியிடமோ காவலரிடமோ வாய் திறக்குமா? எண்ணிப் பார்ப்போம்.

எனவே, மனிதரை மொழியால் அன்றி, செயலால் அறியப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். வீட்டுக்கு வீடு ஓர் அடையாளச் சொல் இருக்கட்டும். அச்சொல்லைக் கூறாதவருடன், அவர் எவராயினும், பிள்ளை செல்லலாகாது. "அம்மாவிடம் சொல்லாதே" என்று கூறி மிட்டாய் கொடுப்பவரையும், தொடத் தகாத இடத்தில் தொடுபவரையும் பற்றி உடனே நம்மிடம் வந்து சொல்லப் பழக்குவோம். 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளிடம் முறைகேடாக நடந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அக்குழந்தைகள் அறிந்தவரே, நம்பியவரே என்று காட்டிற்று. வீட்டுக்கு வந்து போகிறவருக்கும் இவ்விதி பொருந்தும் அன்றோ?

தந்தையின் பெயர், குவார்ட்டர்ஸ் எண், தொலைபேசி எண் ஆகியவற்றை இந்தியிலும் மராத்தியிலும் சொல்லப் பழக்குவோம். தமிழில் மட்டும் ஒப்பித்தால் இவ்வூர்க் காவலருக்கு விளங்காது. நிலையத்தில் பெற்றோரைப் பிரிந்தால், வெளியே ஓடாமல், சீருடை அணிந்த ரயில்வே காவலரிடம் செல்லச் சொல்வோம். 1098 என்னும் எண்ணையும் மனப்பாடம் செய்விப்போம். 1996-இல் மும்பையில் தொடங்கிய இவ்வுதவி, இன்று நாடெங்கும் இரவு பகலாகக் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

"வெளியே தெரிந்தால் குடும்பப் பெயர் கெடும்" என்று வாய் மூடும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அக்குழந்தையின் பெயரைச் செய்தித்தாள்கள் வெளியிடுவதையும் அச்சட்டம் தடுக்கிறது. குழந்தை சொல்வதை நம்பிக் கேட்பதே நம் முதற்கடமை.

விருந்தோம்பல் பெரியோர் கடமை. எச்சரிக்கையும் அவர்கள் கடமையே. இரண்டையும் ஒருங்கே காப்போமாக.